செய்தியின் நெற்றியில் ஒட்டப்படும் சீட்டு



சாந்தோ ஐயங்கார், கியூ ஹான் என்னும் இரு ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே செய்திகளுக்கு ஃபாக்ஸ், சி.என்.என்., என்.பி.ஆர்., பி.பி.சி. ஆகிய நிறுவனங்களின் சின்னங்கள் மாற்றி மாற்றி இடப்பட்டன. குடியரசுக் கட்சியினர் ஃபாக்ஸ் சின்னம் தாங்கியவற்றையே நாடினர். ஜனநாயகக் கட்சியினர் அதைத் தவிர்த்தனர். அரசியல் செய்தியில் இது வியப்பன்று. குற்றச் செய்தியிலும் சுற்றுலாச் செய்தியிலுங்கூட அதே போக்குக் காணப்பட்டதே கவனிக்கத்தக்கது. கடற்கரை விடுதியில் இடதுசாரி ஏது, வலதுசாரி ஏது?

சீட்டு இல்லாவிடினும் மனம் தானே ஒன்றை எழுதிக்கொள்கிறது. 1982-இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பார்த்தனர். ஒரே காட்சிகள்தாம். இஸ்ரேல் ஆதரவாளரும் அரபு ஆதரவாளரும் அவை தத்தம் தரப்புக்கு எதிரானவை என்றே கூறினர். இவ்வாய்வு 1985-இல் வெளிவந்தது.

உணவுப் பொட்டலத்தில் உப்பின் அளவை அச்சிடலாம். அதற்குத் தராசு உண்டு. சார்புக்கு அத்தகைய தராசு இல்லை. 2012-இல் தொடங்கிய ஆல்சைட்ஸ் நிறுவனம் ஊடகங்களை இடது முதல் வலது வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. அப்படிகள் சாய்வைக் குறிப்பனவே அன்றிச் செய்தியின் துல்லியத்தை அல்ல என்று அந்நிறுவனமே கூறுகிறது. அந்த வரியை எத்தனை பேர் படிக்கின்றனர்? 2023 ஏப்ரலில் டுவிட்டர் நிறுவனம் என்.பி.ஆர். கணக்கின்மீது 'அரசு சார்பு ஊடகம்' என்று ஒட்டியது. பின்னர் அச்சொல்லை மாற்றியது. அம்மாதமே இத்தகைய சீட்டுகளை நீக்கியும் விட்டது. அதற்குள் என்.பி.ஆர். அத்தளத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டது.

தமிழருக்கு இது புதிதன்று. 1997-இல் தொடங்கிய தமிழ்நெற், போர்க்காலத்தில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களால் 'புலிகள் ஆதரவு இணையத்தளம்' என்ற அடைமொழியோடே பெரும்பாலும் குறிக்கப்பட்டது. பேசுபவரின் சாய்வை அறிய வாசகருக்கு உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த ஊரில் எத்தனை மணிக்கு எறிகணை விழுந்தது என்ற விவரம் மெய்யா பொய்யா என்பதை அவ்வடைமொழி சொல்லாது.

அதே பழக்கம் புலம்பெயர் இல்லங்களிலும் உண்டு என்பதுதான் வருத்தத்திற்குரியது. "அது அரசாங்கத்தின் பத்திரிகை, தொடாதே" என்கிறார் தந்தை. "அது உங்கள் ஆட்களின் தளம், அப்படித்தான் எழுதும்" என்கிறான் மகன். இருவரில் எவரும் செய்தியைப் படிக்கவில்லை! வேற்று மொழியில் வளரும் பிள்ளைக்கு ஊர்ச் செய்தி வந்து சேரும் வழிகளே சில. அவையும் இவ்வாறு அடைபடுகின்றன.

வாயிலருகே உள்ள மேசையில் ஊடகத்தின் பெயர் மறைக்கப்பட்ட மூன்று செய்தித் துணுக்குகள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் தகவலைச் சொன்னவர் யார், எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, எதிர்த்தரப்பிடம் கேட்கப்பட்டதா என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனியே குறித்துக்கொள்ளவும். பெயர்கள் தேநீர் இடைவேளைக்குப் பின்னர் அறிவிக்கப்படும்.