வரலாற்றுப் பேரவையில் நம் மலைக்கு இடம் எங்கே?

(கச்சிராயபாளையத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரலாற்றறிஞர் ஆண்டுதோறும் கூடும் பேரவை ஒன்றுக்குச் சென்று திரும்பியுள்ளேன். கண்டதையும் கேட்டதையும் ஊரார்முன் எடுத்துரைக்க வேண்டுமென்று இளைஞர்கள் பணித்தனர். எந்தப் பேரவை என்று கேளாதீர்கள். நான் குறை சொல்லப் போவது ஓர் அமைப்பையன்று. எங்கும் பரவிக் கிடக்கும் ஒரு நிலையை.

வரலாற்றறிஞர் கூடுவது புதிதன்று. இந்திய வரலாற்றுப் பேரவை 1935இல் புனேயில் தொடங்கியது. 1945இல் நம் அண்ணாமலைநகருக்கு வந்தது. 2022 திசம்பரில் அதன் 81ஆம் கூட்டம் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நடந்தது. முதலமைச்சரே தொடங்கிவைத்து, வரலாற்றைத் திரிப்பதன் தீங்கை எடுத்துரைத்தார். பழங்காலம், இடைக்காலம், இக்காலம், தொல்லியல், பிறநாட்டு வரலாறு எனத் துறைதோறும் அரங்கு உண்டு. ஆனால் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைத் தொகுதிகளைப் புரட்டுங்கள். ஆங்கிலமே ஆட்சி செய்யும். தமிழ்நாட்டுக்கென 1990களில் தனிப் பேரவை தோன்றியது நமக்கு ஓர் ஆறுதல்.

இனி என் பட்டறிவுக்கு வருகிறேன். கல்வராயன் மலையின் பழைய ஆட்சிமுறை பற்றித் தமிழில் கட்டுரை எழுதிச் சென்றேன். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று தலைவர்கள் இம்மலையைப் பங்கிட்டு ஆண்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ‘சாகிர்’ என்னும் பாரசீகச் சொல்லால் அவ்வாட்சியைக் குறித்தனர். நாடு 1947இல் விடுதலை பெற்றது. இம்மலைக்கோ அவ்வாட்சியினின்று விடுதலை 1976இல்தான் வந்தது! இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் மலைமக்கள் தலைவர்க்கு வரி கட்டினர், ஊதியமின்றி உழைத்தனர். அடிவாரத்தில் கோமுகி அணை எழுந்தபோதும் மேலே அந்நிலை மாறவில்லை. (அணையின் பெயர் வடமொழி, நீர் நம் மலையின் நீர்!) இவற்றையெல்லாம் எழுதியிருந்தேன்.

என் முறை வந்தபோது மாலை மங்கிவிட்டது. மற்றவர்க்குப் பதினைந்து நிமையம். எனக்கு நான்கே நிமையம். அரங்கத் தலைவர் என் தாள்களைப் பார்த்துவிட்டு, சுருக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட முடியுமா என்றார். அவரும் தமிழர், கேட்டுக்கொண்டிருந்தவரிற் பெரும்பாலாரும் தமிழர்! தமிழிலேயே சொன்னேன். சிலர் தேநீர் பருக எழுந்து போயினர்.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முடித்ததும் முதியவர் ஒருவர் எழுந்து, "நீங்கள் சொல்வதற்குச் சான்று எது? யார் சொன்னார்? எந்த ஊரில், எந்த நாளில் சொன்னார்? எழுதி வைத்துள்ளீர்களா?" என்று தூய தமிழிலேயே கேட்டார். என்னிடம் விடையில்லை. பாட்டன் சொன்னார், ஊரார் சொல்வர் என்பதற்கு மேல் ஒன்றும் காட்ட இயலவில்லை. அத் தலைவர் என் மொழியைத் தள்ளியது தவறு. இம் முதியவர் என் சான்றைக் கேட்டது தவறாகுமா? ஆகாது. இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை.

சான்றின் ஆற்றலுக்கு நம் மாவட்டப் பகுதியே எடுத்துக்காட்டு. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர் பாண்டியரோடு ‘சத்தியபுத்திரர்’ என்றொரு குடியையும் கூறுகிறது. அவர் யார்? துளு நாட்டார் என்றனர் சிலர். மராட்டியக் குடியினர் என்றனர் சிலர். சத்தியமங்கலத்தார் என்றும் கூறினர். அதியமான் மரபினரே என்று முன்பே கண்டு சொன்ன அறிஞரும் உண்டு. ஆனால் அவர் கையில் கல்வெட்டுச் சான்று இல்லை. 1981இல், திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையில், பாறைக் குகையொன்றில் தமிழி எழுத்து வெளிப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அது கூறியது. அவன் பெயருக்கு முன்னே ‘சதியபுதோ’ என்னும் பட்டமும் நின்றது! பட்டம் பாகத வடிவில் உள்ளதே என்று நாம் முகஞ்சுளிக்க வேண்டா. அச் சொல் அங்கே இருந்ததனாலன்றோ நீண்டநாள் வழக்கு தீர்ந்தது? ஔவை பாடிய வள்ளலை அசோகன் அறிந்த குடியினன் என்று ஒரேயொரு வரி மெய்ப்பித்தது. அக் கல்வெட்டையும் ஐயுற்றாருண்டு. கல் நின்றது, ஐயம் நிற்கவில்லை.

அதே 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மொழிஞாயிறு பாவாணர் மதுரை உலகத் தமிழ் மாநாட்டு மேடையில் மாந்தன் தோற்றம் பற்றிப் பேசி, நோயுற்று, சில நாளில் மறைந்தார். சம்பைக் கல்வெட்டைக் காண அவர் இல்லை என்பதை எண்ணுந்தோறும் எனக்கு உள்ளம் கனக்கும்.

கல்வெட்டு இருந்தால் மட்டும் போதுமா? தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் மைசூரில் கிடந்தன. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு 2021இல் உயர்நயன்மன்ற மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. தன் முன்னோர் எழுத்தைக் காண வழக்காடிய இனம் நம் இனம்!

நம் மலைக்கோ அத்தகைய படியும் போதாது. இங்குச் சான்று மாந்தர் நினைவில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பியராய் மலையேறிய கதையை மலைமக்கள் சொல்வர். நம் ஊர்ப் பெயரிலும் காஞ்சியின் பழம்பெயராகிய கச்சி இருக்கிறது. இரண்டுக்கும் உறவுண்டா? உண்டென்று இம் மேடையில் முழங்கினால் கைதட்டுவீர்கள். நான் முழங்க மாட்டேன். அம் முதியவர் கண்முன் நிற்கிறார்.

1976இல் இருபது அகவை இளைஞராய் ஊதியமின்றி உழைத்தவர்க்கு இன்று எழுபதை ஒட்டிய அகவை. அவர் தந்தையர் போய்விட்டனர். வெள்ளைக்கார அலுவலர் பிரான்சிசு 1906இல் தென்னார்க்காட்டு மாவட்டச் சுவடியில் இம் மலைத் தலைவர்களைப் பற்றி எழுதிவைத்தார். நாம் என்ன எழுதிவைத்தோம்?

வரும் ஞாயிறு முதற்பேருந்தில் வெள்ளிமலைக்குச் செல்கிறேன். எழுதத் தெரிந்த நால்வர் உடன்வந்தால் போதும். ஒலிப்பதிவு செய்யக் கைப்பேசி எல்லாரிடமும் இருக்கிறது. சொல்பவர் பெயர், அகவை, ஊர், நாள் நான்கையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்; அவர் இசைவின்றி ஒரு சொல்லும் பதியக்கூடாது. அடுத்த ஆண்டுப் பேரவைக்கும் கட்டுரை தமிழில்தான் போகும். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.