பெஞ்சில் முப்பத்தைந்து நாள்

கிருத்திகையன்று திருப்போரூர் முருகன் சன்னிதியில் நிற்கும் கூட்டத்தில், சிறுசேரி சிப்காட்டில் கணினி வேலை பார்ப்பவர்களும் இருப்பார்கள். கோயிலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் அந்த வளாகங்கள். வேண்டுதல் என்னவென்று கேட்கவா வேண்டும்? வேலை நிலைக்க வேண்டும், வீட்டுக் கடன் தவணை தவறக் கூடாது.

2025 ஜூலையில் டி.சி.எஸ். மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலையில் இருப்பவர்கள். ‘ஏ.ஐ. வந்துவிட்டது, வேலை போயிற்று’ என்று டீக்கடை வரை பேச்சு. ஆனால் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் சொன்ன காரணம் வேறு: திறமையும் தேவையும் பொருந்தவில்லை, சிலரைப் பணியில் அமர்த்த வழியில்லை. நிர்வாகம் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் அதில் ஒரு துப்பு இருக்கிறது.

கோயில் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே அகலம், மேலே போகப்போகக் குறுகல். இந்தக் கணினி நிறுவனங்களின் கணக்கும் அதுதான். ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் புதியவர்கள் அடியில் ஏராளம். அவர்கள் உழைப்புக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் டாலரில் தரும் தொகைக்கும் அந்தச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஆளின் சம்பளம் பல மடங்கு. வாடிக்கையாளர் தரும் தொகை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆண்டுதோறும் அடித்தளம் அகன்றுகொண்டே போனால் கோபுரம் நிற்கும். அகல்வது நின்றுபோனால் நடுவயிறு பருக்கும்.

அதுதான் நடந்தது. கொரோனா காலத்தில் உலகமே இணையத்துக்கு மாற, 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தது. 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கி, பூஜ்யத்துக்கு அருகில் இருந்ததை அடுத்த ஆண்டே ஐந்து சதவீதத்துக்கு மேல் கொண்டுபோயிற்று. கடன் விலையேற, வாடிக்கையாளர்கள் புதுத் திட்டங்களைத் தள்ளிப்போட்டார்கள். அமெரிக்காவில் வட்டி ஏறினால் சிறுசேரி பக்கத்துத் தையூரில் வாடகை வீடு காலியாகிறது. ஏ.ஐ. இதற்குப் பிறகு வந்து சேர்ந்த அழுத்தம். ‘இனி குறைந்த ஆளை வைத்து, குறைந்த விலைக்கு முடித்துக் கொடுங்கள்’ என்று பேரம் பேச வாடிக்கையாளருக்கு அது வாய்ப்பாகிவிட்டது.

இப்படி வேலை செய்யத் திட்டம் இல்லாமல் ஊழியர் காத்திருப்பதற்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். முன்பு அது கொஞ்சம் மூச்சு விடும் இடம். 2025 ஜூனில் டி.சி.எஸ். அதற்குக் கணக்குப் போட்டுவிட்டது: ஆண்டுக்கு 225 நாள் ‘பில்லிங்’, அதாவது வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கும் வேலை, வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் கூடாது.

நீக்கத்தைத் தடுக்க வழியே இல்லையா? 2015 ஜனவரியில், கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கணினித் துறையினரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் இந்தத் துறையில் ‘நீக்கம்’ என்று தாளில் எழுதுவது அபூர்வம். ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும்’ என்பார்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க இடமில்லை. ராஜினாமா கேட்கும் அந்தச் சின்ன அறையில், எதிரே இருவர் உட்கார்ந்திருக்க, ‘இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். பலருக்கு அது அப்போது தோன்றுவதில்லை.