தேரைத் தோலும் உயிர்ச்சத்தும்

தோலை உடம்பின் போர்வை என்று கூறுவது வழக்கம். போர்வை உயிரற்றது, தோலோ உயிருள்ளது. மேற்றோலின் உயிரணுக்கள் அடியிலே தோன்றி, மெல்ல மேலெழுந்து, ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் உதிர்ந்துவிடுகின்றன. அவற்றின் இடத்தைப் புதியவை நிரப்புகின்றன. ஓயாது நடைபெறும் இந்த வேலைக்கு வேண்டிய பொருள் யாவும் நாம் உண்ணும் உணவிலிருந்தே வருதல் வேண்டும். ஆதலால் உணவிலே ஒரு சத்துக் குறையுமாயின், அதனை முதலில் அறிவிக்கும் உறுப்புகளுள் தோலும் ஒன்றாகிறது.

இக்காலத்தில் தோலின் பொலிவுக்கென்று வண்ணப் புட்டிகளில் அடைத்த குளிசைகள் எங்கும் விலைப்படுகின்றன. பிறநாடுகளில் வாழும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது தாய் தந்தையருக்கு அவற்றைக் கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. அவற்றால் யாருக்குப் பயன், யாருக்குப் பயனில்லை, யாருக்குத் தீங்கு என்பதை ஆராய்ந்து பார்ப்பது நன்று.

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல், வல்வை மாலுமிகளோடு கடல்கள் பல கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த வரலாற்றை அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்லுவர். உயிர்ச்சத்தின் கதையும் கடலோடிகளிடமிருந்தே தொடங்குகிறது. முற்காலத்தில் மாதக்கணக்காகக் காய்கனி காணாது கடலிற் சென்ற ஐரோப்பிய மாலுமிகளுக்கு 'ஸ்கேவி' என்னும் நோய் கண்டது. முரசு வீங்கியது, மயிர்க்கால்களைச் சுற்றி இரத்தம் கசிந்து செம்புள்ளிகள் தோன்றின, ஆறிப்போன பழைய புண்களும் மீண்டும் வாய் திறந்தன. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். தோலுக்கு உறுதி தரும் 'கொலாஜன்' என்னும் புரதத்தைச் செவ்வனே இழைப்பதற்கு விற்றமின் சீ இன்றியமையாதது என்பதை நாம் இன்று அறிவோம். அஃது இல்லையேல், சாந்து இல்லாது கட்டிய சுவரைப் போலத் தோலும் நாளங்களும் தளர்ந்துவிடுகின்றன.

அடுத்த கதை நம் இலங்கையிலேயே நிகழ்ந்தது. கொழும்பிலே பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர், முழங்கையிலும் முழங்காலிலும் தொடையிலும் முட்கள் போன்ற சிறு கொப்புளங்கள் எழுந்து, தோல் வறண்டு சொரசொரப்பாகும் ஒரு நிலையை 1933ஆம் ஆண்டில் விவரித்தார். அது தேரையின் தோலைப் போன்றிருந்தமையால், கிரேக்க மொழியிலே 'தேரைத் தோல்' என்று பொருள்படும் 'பிரைனோடேர்மா' என்ற பெயரை அதற்கு இட்டார். விற்றமின் ஏ குறைவே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். ஆயினும் பின்னர்த் தென்னிந்தியாவிற் செய்த ஆய்வுகள், பீ தொகுதி விற்றமின்களும், எண்ணெய்களில் உள்ள இன்றியமையாத கொழுப்பமிலங்களும் இந்நோயோடு தொடர்புடையன என்று காட்டின. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. தோலிலே தோன்றும் ஓர் அறிகுறிக்குக் காரணங்கள் பலவாக இருத்தல் கூடும். அறிஞரும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த ஒன்றை நாம் ஒரு குளிசையை விழுங்கித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுதல் பொருந்தாது.

அப்படியாயின் குளிசையால் குணமாகும் தோற்குறை எதுவும் இல்லையா? உண்டு. 1963ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கைவிரல் மொழிகள் கறுத்துப் போவது விற்றமின் பீ பன்னிரண்டு குறைவின் அடையாளமாக இருத்தல் கூடும் என்று எடுத்துக் காட்டினர். அச்சத்தைக் கொடுத்தபோது கருமை நீங்கியது. இச்சத்து மச்சம், மாமிசம், முட்டை, பால் ஆகியவற்றிலேயே உண்டு, மரக்கறியில் இல்லை. ஆகவே பாலையும் விலக்கிய சைவ உணவினரும், இரைப்பை தளர்ந்த முதியோரும், நீரிழிவுக்கு மெற்போமின் குளிசையை நெடுங்காலம் உட்கொள்வோரும் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். இரத்தத்தைச் சோதித்து, குறை உண்டென்று கண்டால், வைத்தியர் சொற்படி அச்சத்தை மருந்தாகப் பெறுதல் தகும். இல்லாத சத்தை ஈடுசெய்தால் தோல் நலம்பெறும். இருக்கின்ற சத்தின்மேல் மேலும் மேலும் குவித்தால் பொலிவு கூடும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை.

பெரும்பாலோருக்கு வேண்டிய சத்து வளவிலும் கடற்கரையிலுமே கிடைக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் விற்றமின் சீ போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு கொய்யாப்பழமே அதனை நிறைவேற்றிவிடும். நெல்லிக்காயும் தேசிக்காயும் உதவும். ஆனால் தேசிப்புளியை அடுப்பிலே கொதிக்க விடாது, இறக்கியபின் விடுவதே முறை. கொதிப்பில் அச்சத்து அழியும். முருங்கையிலையில் விற்றமின் ஏயாக மாறும் கரோட்டீன் மிகுதியாக உண்டு. அது கொழுப்போடு சேர்ந்தாலன்றி உடம்பிற் செவ்வையாகச் சேராது. தேங்காய்ப்பூ இட்டு வறை செய்யும் நம் தாய்மாரின் முறை, இவ்வகையில் அறிவுக்கு முற்றும் ஒத்ததே. நல்லெண்ணெயிலே தோலுக்கு வேண்டிய கொழுப்பமிலம் நிரம்ப உண்டு. சூடை, நெத்தலி முதலிய சிறு மீன்களும் தோலைப் பேணுகின்றன. இவற்றின் விலை, வெளிநாட்டுப் புட்டியின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று.

இனி, தீங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற முதுமொழி விற்றமின் ஏக்கு மிகப் பொருந்தும். இது குறைந்தால் தோல் வறளும். மிகுந்தாலும் தோல் வறண்டு உரியும், மயிர் உதிரும், தலை நோகும், ஈரல் பழுதுறும். மிகையாக உட்கொண்ட கர்ப்பிணித் தாயின் வயிற்றிலுள்ள சிசு அங்கக் குறையோடு பிறத்தலும் கூடும். ஆகவே கர்ப்பிணிகள், சிகிச்சை நிலையத்திற் கொடுக்கும் குளிசைகளைத் தவறாது உட்கொள்ளவேண்டும். தோல் அழகுக்கென விற்கும் குளிசைகளை வைத்தியரைக் கேளாது தொடலாகாது. மயிருக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் என்னும் சத்து, இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டச் செய்யும். மாரடைப்பை அறியச் செய்யும் பரிசோதனையும் இதற்கு விலக்கன்று. பரிசோதனைக்குச் செல்லும்போது உட்கொள்ளும் குளிசை யாவற்றையும் வைத்தியரிடம் மறையாது சொல்லுக.

இறுதியாக ஒரு செய்தி. இஃது எல்லாவற்றிலும் முக்கியமானது. பிள்ளையின் கன்னத்திலோ பெரியோரின் முதுகிலோ வெளிறிய படை தோன்றினால், "சத்துக் குறைவு" என்று சொல்லிக் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டு வாளாவிருப்போர் உளர். அப்படை தேமலாக இருக்கலாம். வேறு சிறு நோயாகவும் இருக்கலாம். ஆனால் அவ்விடத்தில் தொடுவுணர்வோ, சூடு குளிர் அறியும் உணர்வோ குன்றியிருந்தால், அது தொழுநோயாக இருத்தல் கூடும். தொழுநோய் இலங்கையை விட்டு இன்னும் அகலவில்லை. ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை மருந்துண்டால் அது முற்றாகக் குணமாகும். அரசாங்க வைத்தியசாலைகளில் அம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. காலந்தாழ்த்தினால் நரம்புகள் பழுதுற்றுக் கைகால்கள் முடமாகும். முடமானபின் மருந்து நோயைத் தீர்க்குமேயன்றி, இழந்த விரலை மீட்டுத் தராது. நாணத்தினாலோ அயலார் பேச்சுக்கு அஞ்சியோ மறைத்துவைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கே துணைபோகிறது.

நேயர்களே, தோல் காட்டும் குறிப்பைப் பாருங்கள். உணவிலே குறையிருந்தால் உணவைத் திருத்துங்கள். சத்திலே குறையென்று சோதனையிற் கண்டால் அச்சத்தை அளவறிந்து உட்கொள்ளுங்கள். காரணம் விளங்காவிட்டால் மருந்துக் கடைக்கு முன்னே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.