தண்டவாளம் கடந்தவர் மீது வழக்கு

அனுமதியின்றித் தண்டவாளத்தில் இறங்கி நடப்பது குற்றம். 1893இல் அமைந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பால் அறியப்படும் லாலாகுடாவில், சுற்றிப் போகச் சோம்பி ஒருவர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் வழக்கு வரும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பெரிய குற்றமா, சின்னக் குற்றமா?

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் பெருங்குற்றம், சிறுகுற்றம் என இரண்டு வகை இருந்தன. பெருங்குற்றம் செய்தவர் சொத்தை இழந்தார்; பல வேளை உயிரையும் இழந்தார். நாளடைவில் இந்தப் பாகுபாடு தாறுமாறாகிப் போனது. திருட்டு பெருங்குற்றம், நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்வதோ வெறும் சிறுகுற்றம்! 1967இல் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டமோ அதை முதலிலேயே ஏற்கவில்லை.

இங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா? பிணை கேட்பவரின் உரிமையா, நீதிமன்றம் பார்த்துத் தருவதா? தண்டனைச் சட்டத்துக்கு வெளியே உள்ள சட்டங்களில், மூன்றாண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை என்றால் பொதுவாகப் பிடியாணை வேண்டும், பிணையும் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமும் இதையே சொல்கிறது. ஆனால் ரயில்வே சட்டம் தனி வழி போகிறது. அதிகாரம் பெற்ற ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி, தண்டவாளம் கடந்தவரைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். பிணை உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

இத்தகைய வழக்கை நடுவர் சுருக்கமுறையில் விசாரிக்கலாம். அப்போது, சட்டத்தில் ஆறு மாதம் என்றிருந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்கள் இதனினும் எளியவை. ரயில் பெட்டியில் புகைபிடிப்பது அப்படிப்பட்டது. 1989இன் சட்டம் அதற்கு வைத்த உச்ச அபராதம் 100 ரூபாய்.

வேலை கெட்டுப்போகும் என்று பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பணம் கட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். அபராதம் சிறிதானாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். முன்பு தண்டிக்கப்படாத ஒருவரை, இரண்டாண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய குற்றத்தில், கண்டித்து மட்டும் விடுவிக்க 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பணம் கட்டும் முன் அதை நடுவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.