கடன் அட்டையும் அந்நியச் செலாவணியும்



அயல்நாட்டு நாணயத்தில் கடன் அட்டை மூலம் செலவிடுவோர் பொருளின் விலையை மட்டுமே கருதுகின்றனர். அத்தொகையை ரூபாயாக மாற்றுகையில் நம் வங்கிகள் பல 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் பெறுகின்றன. அக்கட்டணத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரியும் சேர்கிறது. ஓர் இலட்சம் ரூபாய் மதிப்புள்ள கல்விக் கட்டணத்தை இவ்வாறு செலுத்தும் மாணவர், ரூ.3,500 கட்டணமும் ரூ.630 வரியுமாக ரூ.4,130 மிகுதியாகத் தர நேரிடலாம்.

"ரூபாயிலேயே செலுத்தலாம்" என அயல்நாட்டுக் கடையில் கூறப்படுவது சலுகையன்று. அங்கு மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பே நிர்ணயிக்கிறது. அதன் இலாபமும் அவ்விகிதத்திலேயே அடங்கியுள்ளது. ஆதலின் அந்நாட்டு நாணயத்திலேயே செலுத்துதல் நன்று. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுத்தாலோ, பொதுவாக அன்றிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும்.

பெருந்தொகையாயின், வங்கி வழியே அனுப்புவதற்கு ஆகும் செலவை முன்னரே கேட்டறிந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அட்டையைப் பயன்படுத்துங்கள்.