மாறிலி என்று பேர் வைத்தால் போதுமா?



'மாற்றம் ஒன்றே மாறாதது' என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். கல்யாணமான புதுசுல 'என்னங்க'ன்னு கூப்பிட்ட மனைவி, இப்போ 'உங்களைத்தான்'னு கூப்பிடறாங்களாம். (சிரிப்பு) தம்பி, கூப்பிடற வார்த்தைதான் மாறியிருக்கு. கூப்பிடறது மாறலையே! (கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். கணக்குப் புத்தகத்திலே எனக்குப் பிடித்த ஒரே சொல் 'மாறிலி'. மாறுதல் இல்லாதது மாறிலி. அணுவுக்குள்ளே மின்னணுவும் ஒளியும் எவ்வளவு பலமாக உறவாடும் என்பதற்கு ஓர் எண் உண்டு: ஏறத்தாழ 137-இல் ஒரு பங்கு. அதற்கு நுண்கட்டமைப்பு மாறிலி என்று பெயர். பேர் வைத்துவிட்டால் போதுமா? அழகன்னு பேர் வெச்சவங்க எல்லாம் அழகனா? (நடுவர்: "யாரைச் சொல்றீங்க?" பலத்த சிரிப்பு)

சோதிக்க வேண்டும் ஐயா! எப்படி?

மலை உச்சியில் கார்த்திகை தீபம். மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். நாம் பார்ப்பது லட்சத்தில் ஒரு பங்கு விநாடிக்கு முந்தைய தீபம். ஒளி வந்து சேர நேரம் ஆகிறதல்லவா? குவேசார் என்ற விண்பொருள்கள் சிலவற்றின் ஒளி, 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பியது. வழியிலே வாயு மேகங்கள். அவற்றிலுள்ள இரும்பும் மக்னீசியமும் அந்த ஒளியில் கருங்கோடு போட்டு அனுப்புகின்றன, தபால் முத்திரை மாதிரி. அந்த எண் அன்றைக்கு வேறாக இருந்திருந்தால், கோடுகள் விழும் இடமும் சற்றே தள்ளிப் போயிருக்கும்.

1999-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் வெப் குழுவினர், 'தள்ளித்தான் போயிருக்கிறது' என்றார்கள். உலகமே திடுக்கிட்டது. 2004-இல் நம் புனே அயூகா மையத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்த், ஹம் சந்த் இருவரும் பிரெஞ்சு அறிஞர்களோடு சேர்ந்து பதில் சொன்னார்கள். சிலி நாட்டுப் பாரனால் மலையில், 8.2 மீட்டர் தொலைநோக்கி 34 இரவுகளில் பதிவு செய்த 18 குவேசார்களின் ஒளியை ஆராய்ந்தார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்கூடத் தெரியவில்லை! (கைதட்டல்)

இத்தோடு நான் உட்கார்ந்தால் என் அணி ஜெயிச்சுடும். மனசாட்சி விடலையே! 2007-இல் வெப் குழுவினர், 'உங்கள் கணக்கில் பிழைக்கு ஒதுக்கிய இடம் போதாது' என்றார்கள். புனே குழுவினர் கோபப்படவில்லை. மறுபடி கணக்குப் பார்த்தார்கள். அப்போதும் மாற்றம் தெரியவில்லை. ஆனாலும் வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஒன்று கவனியுங்கள்: இரு தரப்பும் சண்டை போடுவதே லட்சத்தில் ஒரு பங்குக்குள்ளேதான்!

'மாறவே மாறாது' என்று மேஜையைத் தட்டுவது என்னைப் போன்ற பேச்சாளன் வேலை. 'அளந்தவரை மாறவில்லை, இன்னும் அளப்போம்' என்பது அறிஞன் வேலை. ஆகவே, 'என்மேல அன்பு அப்படியே இருக்கா?'ன்னு வீட்டுல திரும்பத் திரும்பக் கேட்டா எரிஞ்சு விழாதீங்க. அவங்க அளந்து பார்க்கறாங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, மாறாதவையும் உண்டு என்று தீர்ப்பு வழங்குங்கள். பக்கத்திலேயே 'அளந்தவரை' என்று ஒரு சொல்லும் சேர்த்துக்கொள்ளுங்கள்.