ஒரு வழி, பல களஞ்சியங்கள்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்றவன் நான். கணினி என் துறையன்று. எனினும், ஒரு முறை கணினியால் நான் பட்ட அல்லலே இன்று உங்களிடம் கூறவிருக்கும் பொருளை எனக்குக் கற்பித்தது. ஆதலின் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2003-ஆம் ஆண்டில், மாணவர்களின் பெயர், பிறந்த நாள், மதிப்பெண் முதலியவற்றைப் பதிந்து காப்பதற்காக எங்கள் பள்ளி அலுவலகத்திற்கு ஒரு மென்பொருள் வாங்கினோம். அதற்குக் கையெழுத்திட்டவன் நானே. பத்தாண்டுகள் அது குறைவின்றி உழைத்தது. 2014-இல் பழைய கணினி பழுதுற்றது. தரவுகளின் நகல் பத்திரமாக இருந்தமையால், அதனைப் புதிய கணினியில் ஏற்றினோம். தரவுத்தளம் இயங்கிற்று; ஆனால் மென்பொருள் இயங்கவில்லை. அத்தரவுத்தளத்தின் பழைய பதிப்பிற்கே உரிய தனிக் கட்டளைகளைக் கொண்டு அது எழுதப்பட்டிருந்ததே காரணம். எழுதிக் கொடுத்தவர்களும் அத்தொழிலை விட்டுவிட்டனர்.

அவ்வேளையில்தான் எங்கள் பழைய மாணவி ஒருத்தி, செவிலியர் பணிக்கு வெளிநாடு செல்வதற்காகச் சான்றிதழின் நகல் கேட்டு வந்து நின்றாள். அவளுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. அவள் படித்த ஆண்டின் தாள் பதிவேடோ மழைநீரில் ஊறி எழுத்தழிந்து போயிருந்தது. அவளுடைய மதிப்பெண்கள் எங்கள் கண்ணெதிரே இருந்த பெட்டிக்குள் இருந்தன, எடுக்க வழியில்லை. நெல் நிறைந்த களஞ்சியத்தின் முன் திறவுகோலின்றி நிற்பவனது நிலை எனக்கு அன்று விளங்கிற்று.

இத்தகைய இடர் உலகெங்கும் இருந்ததுதான். அதைத் தீர்க்க அறிஞர் செய்த முயற்சியைச் சற்றுக் காண்போம். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இ. எஃப். காட் என்பார், தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகக் கருதும் முறையை வெளியிட்டார். அந்நிறுவனத்தவரான சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவரும் அவ்வட்டவணைகளிடம் வினவுவதற்குரிய மொழியை 1974-இல் எடுத்துரைத்தனர். அதுவே பின்னர் எஸ்.க்யூ.எல். எனப் பெயர் பெற்றது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதற்குத் தர வரையறை வகுத்தது.

மொழி பொதுவாயிற்று. ஆனால் அது மட்டும் போதுமா? தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்வது எங்ஙனம், வினாவை அனுப்புவது எங்ஙனம், விடையை வரிவரியாகப் பெறுவது எங்ஙனம் என்பவை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டே இருந்தன. இக்குறையை நீக்க 1992-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஓ.டி.பி.சி. என்னும் பொது இடைமுகத்தை வெளியிட்டது. 1997-இல் ஜாவா மொழிக்கு அதனை ஒத்த ஜே.டி.பி.சி. வந்தது.

ஓ.டி.பி.சி. அமைப்பில் உறுப்புகள் நான்கு. முதலாவது, நாம் பயன்படுத்தும் மென்பொருள். இரண்டாவது, டிரைவர் மேலாளர். மூன்றாவது, டிரைவர். நான்காவது, தரவு மூலம். மென்பொருள் எப்பொழுதும் ஒரே வகையான கட்டளைகளையே இடும்: தொடர்பு கொள், வினாவை நிறைவேற்று, அடுத்த வரியைக் கொடு, தொடர்பை முடி என்பன அவை. மேலாளர், குறிப்பிட்ட தரவு மூலத்திற்குரிய டிரைவரைத் தேடி அழைக்கும். டிரைவரோ அக்கட்டளைகளைத் தன் தரவுத்தளம் அறிந்த முறையில் மாற்றிச் சொல்லும். அக்காலத்து வணிகர்க்கு இருபுறமும் பேசித் தந்த துபாஷியின் தொழிலே டிரைவரின் தொழில் என்று கொள்ளலாம். வணிகன் ஊருக்கொரு மொழி கற்க வேண்டுவதில்லை. ஊருக்கேற்ற துபாஷியை அமர்த்திக்கொண்டால் போதும்.

பிழை நேர்ந்தாலும் அதைத் தெரிவிக்கப் பொது முறை உண்டு. ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதன் முதல் இரண்டு இடங்களில் 08 இருப்பின், கோளாறு தொடர்பில் உள்ளது என அறியலாம்.

எங்கள் பள்ளிக் கதைக்குத் திரும்புகிறேன். பொறியாளரான பழைய மாணவர் ஒருவரை அழைத்தேன். அவர் அந்த மென்பொருளைத் தொடவே இல்லை. அத்தரவுத்தளத்திற்கான ஓ.டி.பி.சி. டிரைவரை நிறுவி, கணக்குத்தாள் மென்பொருள் ஒன்றை அதனோடு இணைத்தார். அன்று மாலையே பதினோராண்டு மதிப்பெண்களும் திரையில் வரிசையாக வந்து நின்றன. அம்மாணவியின் பெயரைக் கண்டபோது என் கண்கள் கலங்கின என்று சொல்வதில் எனக்கு நாணமில்லை. ஏழாம் நாள் அவள் சான்றிதழைப் பெற்றுச் சென்றாள்.

ஆனால் பொது இடைமுகம் எல்லாக் குறைகளையும் தீர்க்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எஸ்.க்யூ.எல். மொழிக்கும் வட்டார வழக்குகள் உண்டு. முதற் பத்து வரிகள் மட்டும் வேண்டுமெனில், மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் 'டாப்' என்று எழுதுவர், மை எஸ்.க்யூ.எல்.-இல் 'லிமிட்' என்று எழுதுவர். இவ்வேறுபாடுகள் அனைத்தையும் டிரைவர் மாற்றித் தந்துவிடாது. ஆகவே, எழுதுவோர் இயன்றவரை தர வழக்கிலேயே எழுதுதல் வேண்டும். ஒரு தரவுத்தளத்திற்கே உரிய சொல்லாட்சி தவிர்க்க முடியாததாயின், அதை ஓரிடத்தில் தனியே ஒதுக்கி வைத்தல் வேண்டும். களஞ்சியம் மாறும் நாளில் அந்த ஓரிடத்தை மட்டும் திருத்தினால் போதும் அன்றோ?

2003-இல் கையெழுத்திடுமுன் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "நாளை தரவுத்தளம் மாறினால் இந்த மென்பொருள் இயங்குமா?" நான் கேட்கவில்லை, அதற்குரிய விலையை மற்றொருத்தி தரவிருந்தாள். உங்களுள் சிலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள். பலர் அதை வாங்கும் பொறுப்பில் அமர்வீர்கள். எழுதினாலும் வாங்கினாலும், அக்கேள்வியை மறவாமல் கேளுங்கள். நாம் காக்கும் ஏடுகளில் இருப்பவை பிறருடைய வாழ்க்கைகள்.